சோற்றுக்கைப் பக்கம் ஓர் அறை

"அக்கா, இடது பக்கமா, வலது பக்கமா?"

தேக்காவில் உள்ள பயண முகவர் அலுவலகம். முகவராக இருந்த தம்பி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கப்பலின் ஒன்பதாவது தளம், படுத்திருக்கும் நீள மீனைப்போல் திரையில் தெரிந்தது. அதன் இரு விளிம்புகளிலும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் பால்கனி வைத்த ஓர் அறை. வலது பக்கத்தில் நான்கு காலியாக இருந்தன, இடது பக்கத்தில் ஆறு.

"விலை ஒன்றுதான். பக்கத்தை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

என் அருகில் உட்கார்ந்திருந்த அம்மா யோசிக்கவே இல்லை. "சோத்துக்கைப் பக்கம் போடச் சொல்லுடி. பினாங்கு அந்தப் பக்கம்தான் வரும்."

நான் சிரித்தேன். "அது நீ எட்டு வயசுல வந்த கப்பல்மா. இதுல எல்லாம் வேற" என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் இடது பக்க அறையைக் காட்டினேன். பால்கனிக்காக மட்டும் கிட்டத்தட்ட 300 வெள்ளி கூடுதல். கட்டி முடித்து, பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு இரவுப் பயணம். சிங்கப்பூரில் ஏறி, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, பிறகு ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடியும் சிங்கப்பூர். அம்மா, நான், ஆறு வயது மகள் மூவருக்கும் பால்கனி அறை. எதிர் வரிசையில் சன்னல் இல்லாத உள்ளறை என் கணவருக்கு. "இருட்டாக இருக்குமா? அப்படியென்றால் நன்றாகத் தூங்கலாம்" என்று அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார்.

பால்கனி அம்மாவுக்காகத்தான். போன ஆண்டு அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. கூட்டத்தில் இடிபட்டு நிற்க முடியாது. பினாங்கு வரும்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் அந்தத் தீவைக் கடலிலிருந்து கடைசியாகப் பார்த்தது 1972இல்.

*தள டிக்கெட்*

அந்தக் கப்பலின் பெயர் இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குத் தெரியும். 'ரஜுலா'. 1926இல் கட்டப்பட்டது. தமிழகத்துக்கும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நம்மில் பலருடைய பாட்டன், பாட்டி வந்து இறங்கிய கப்பல் அது. 1974இல் அதை உடைத்துவிட்டார்கள்.

அம்மாவும் அம்மாச்சியும் நாகப்பட்டினத்தில் ஏறியிருக்கிறார்கள். அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. படகில் போய், ஆடும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். எடுத்தது தள டிக்கெட். அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்தால் அதுதான் வீடு. தாத்தா பினாங்குத் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். அம்மா பிறந்த பிறகு அவர் ஒரே ஒரு முறைதான் ஊருக்கு வந்திருந்தார். அதனால் அப்பாவின் முகம்கூட அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை.

தீவு தெரிய ஆரம்பித்ததும் அம்மாச்சி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பியோரம் நின்று, "அந்தா தெரியுது பாரு, அங்கதான் உங்கப்பா இருக்காரு" என்று காட்டினாராம். எட்டு வயதுப் பிள்ளையை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்டால், "கூட்டம்டி. எல்லாரும் அந்தப் பக்கம்தான் நின்னாங்க" என்பார் அம்மா.

எந்தப் பக்கம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

*வானொலியில் நான் சொன்ன கதை*

இடது பக்கத்தை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். வாய்ப்பேச்சில் பிழைப்பவள் நான். காலை நிகழ்ச்சியில் ஏதாவது ஒரு சொல்லின் கதையை ஐந்து நிமிடம் சொல்வது என் வழக்கம். சில மாதங்களுக்கு முன் 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டேன். பணக்காரத்தனமான, பகட்டான என்று பொருள்படும் சொல்.

கதை இப்படிப் போகும். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் போகும் வெள்ளைக்காரத் துரைமார்கள், போகும்போது இடது பக்க அறையும் திரும்பும்போது வலது பக்க அறையும் கேட்டு வாங்குவார்கள். சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே போகும்போது இடது பக்கம் வடக்கு. வெயில் அங்கே குறைவு. திரும்பி வரும்போது வடக்கு வலது பக்கம் வந்துவிடும். கப்பல் மொழியில் இடம் 'போர்ட்', வலம் 'ஸ்டார்போர்ட்'. போகும்போது போர்ட், வரும்போது ஸ்டார்போர்ட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து 'பாஷ்' ஆயிற்றாம்.

நல்ல கதை, இல்லையா? நானும் நம்பினேன். நேயர்களையும் நம்பவைத்தேன். பிறகு, சொன்னதை நானே பின்பற்றி, அம்மாவுக்கு 'போகும்போது இடம்' என்று பணம் கட்டினேன்.

கட்டிய மறுவாரம், வேறொரு பேச்சுக்கு நடுவில் இந்தப் பயணத்தைப் பற்றி வானொலியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் அழைப்பு வந்தது. குரலில் எழுபது வயதாவது இருக்கும்.

"தங்கச்சி, நான் 22 வருஷம் சரக்குக் கப்பல்ல ஓடினவன். லண்டன்லேருந்து பம்பாய் போற கதைய எடுத்து, சிங்கப்பூர்லேருந்து பினாங்குக்குப் போட்டுட்டீங்களே!"

முதலில் அந்தக் கதையே கட்டுக்கதை என்றார். பிறகு நான் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த நான்கு எழுத்துகள் அச்சிட்ட கப்பல் டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. சொல்லாராய்ச்சி செய்பவர்கள் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. பகட்டு என்ற பொருளில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

கதை உண்மையாகவே இருந்தாலும் நமக்குப் பொருந்தாது என்பது அவருடைய அடுத்த வாதம். வடக்குப் பக்கம் நிழல் என்பது வடக்கே தள்ளி இருக்கும் கடல்களுக்கான கணக்கு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஆண்டில் பாதி மாதங்கள் அது நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், பாதி மாதங்கள் தெற்கே. நாங்கள் போகும் ஜூன் மாதத்தில் வடக்கே. "இங்க காலை வெயில், சாயங்கால வெயில் ரெண்டுதான் கணக்கு" என்றார்.

*கடலுக்கும் சாலை விதி உண்டு*

அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். "அந்தம்மா சொன்னதுதான் சரி" என்று பட்டென்று பதில் வந்தது. பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியரைப்போல் பொறுமையாக விளக்கினார்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கு நோக்கிப் போகிறது. அப்போது மலேசியக் கரை வலது பக்கம், சுமத்ரா இடது பக்கம். நாம் இங்கே சாலையில் இடது பக்கமாகக் காரோட்டுகிறோம். கடலில் அப்படி இல்லை. நெரிசலான நீரிணைகளில் போகவும் வரவும் தனித்தனித் தடங்கள் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பலும் வலது பக்கத் தடத்தில் போக வேண்டும். அதனால் மேற்கே போகும் கப்பல்கள் சிங்கப்பூர், மலேசியாவை ஒட்டிய தடத்திலும், கிழக்கே வருபவை இந்தோனீசியாவை ஒட்டிய தடத்திலும் ஓடுகின்றன. சிங்கப்பூருக்கு அருகே பிலிப் கால்வாய் என்ற இடத்தில் கப்பல் பாதை 2.8 கிலோமீட்டராகக் குறுகிவிடும். உலகின் மிகப் பரபரப்பான கடல்வழிகளில் ஒன்று அவ்வளவு சின்ன இடுக்கு வழியாகப் போகிறது.

பினாங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதன் கீழே கப்பல் போகும் இடைவெளி ஏறத்தாழ 28 மீட்டர் உயரம். இன்றைய உல்லாசக் கப்பல்கள் அதைவிட மிக உயரமானவை. எனவே தெற்கிலிருந்து பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. தீவின் மேற்குக் கரையோரமாக ஏறி, வடமுனையைச் சுற்றி, வடக்கு வாசல் வழியாகத்தான் ஜார்ஜ் டவுனுக்குள் வர வேண்டும். இந்தச் சுற்று முழுவதிலும் தீவு கப்பலின் வலது பக்கத்திலேயே இருக்கும்.

1972இல் பாலமே இல்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் கப்பலும் அதே வடக்கு வாசலில்தான் நுழையும். அப்போதும் தீவு வலது பக்கம்.

சோற்றுக்கைப் பக்கம்!

அன்று மாலையே முகவரை அழைத்தேன். "அக்கா, அந்த நான்கு அறையும் அன்றைக்கே போய்விட்டது. விடுமுறை நேரம் பாருங்கள்" என்றார். எனக்கு அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

*இடம், வலம் எப்படி வந்தது?*

பயணத்துக்கு முன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கொஞ்சம் படித்தேன். இந்த முறை கதையைச் சரிபார்த்துக்கொண்டுதான்.

பழங்கால ஐரோப்பியக் கப்பல்களில் பின்பக்கத்து நடுவில் சுக்கான் கிடையாது. வலது பக்கம் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித் திசை திருப்புவார்கள். பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் அல்லவா? 'திருப்பும் பக்கம்' என்ற பொருளில் பிறந்ததுதான் ஸ்டார்போர்ட். அந்தத் துடுப்பு கரையில் இடித்து உடையாமல் இருக்க, இடது பக்கத்தைத் துறைமுகத்தில் அணைப்பார்கள். அதனால் அது போர்ட். அதற்கு முன் இடது பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்று பெயர் இருந்தது. காற்றிலும் இரைச்சலிலும் ஸ்டார்போர்ட், லார்போர்ட் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பம் வந்தது. 1844இல் பிரிட்டிஷ் கடற்படை இனி 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒலியை நம்பித் தொழில் செய்யும் எனக்கு இந்தக் காரணம் மிகவும் பிடித்திருந்தது.

இரவில் கப்பலின் இடது பக்கம் சிவப்பு விளக்கு எரியும், வலது பக்கம் பச்சை. மகள் இதை மாற்றி மாற்றிச் சொன்னாள். கடைசியில் அம்மாதான் வழி சொன்னார். "சோத்துக்கைப் பக்கம் வாழையிலை. வாழையிலை பச்சை." அதன் பிறகு அவள் தப்பாகச் சொன்னதே இல்லை.

*அம்மா கண்டுபிடித்த விதம்*

கப்பல் மாலையில் கிளம்பியது. அறைக்குள் நுழைந்ததும் அம்மா நேராகப் பால்கனிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நங்கூரமிட்டு நின்ற கப்பல்களை மகள் எண்ண ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். தூரத்தில் இந்தோனீசியத் தீவுகள் கரும்பச்சைக் கோடாகத் தெரிந்தன. ஏழு மணி வாக்கில் சூரியன் எங்கள் பக்கமே இறங்கியது. வடமேற்கு நோக்கிப் போகும் கப்பலில் மாலைச் சூரியன் இடது முன்புறம்தான் விழும். "நல்ல அறைதான்டி" என்றார் அம்மா. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி இருட்டும் வரைதான் நீடித்தது.

கம்பியில் கைவைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "கப்பல் என் சோத்துக்கைப் பக்கமா ஓடுது."

"ஆமாம்மா."

"அப்ப நாம பீச்சாங்கைப் பக்கம்ல இருக்கோம்?"

நீங்களும் இப்படிச் சோதிக்கலாம். பால்கனியில் கடலைப் பார்த்து நில்லுங்கள். கப்பல் உங்கள் வலக்கைப் பக்கமாக முன்னேறினால் நீங்கள் இருப்பது கப்பலின் இடது பக்கம். இடக்கைப் பக்கமாக முன்னேறினால் வலது பக்கம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். லண்டன் கதை, பெரியவரின் அழைப்பு, போய்விட்ட நான்கு அறைகள். அம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ படிச்சவ, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். சிறிது நேரம் கழித்து, "மேல தளம் இருக்குல்ல? எங்களுக்கு அப்ப அறையா இருந்துச்சு?" என்று கேட்டார்.

*மீண்டும் தளத்தில்*

மறுநாள் கிள்ளான். மூன்றாம் நாள் விடியும் முன், ஐந்தே முக்காலுக்கு, நாங்கள் மூவரும் மின்தூக்கியில் மேல்தளத்துக்குப் போனோம். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த கணவரைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. சன்னல் இல்லாத அறையில் காலை வந்ததே தெரியாது என்பது உண்மைதான்.

தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டுத் தாமாகவே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வலது பக்கக் கம்பியோரம் போட்டார். காற்று பலமாக இருந்தது. அம்மா முந்தானையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டார்.

முதலில் விளக்குகள்தான் தெரிந்தன. பத்து ஃபிரிங்கி கடற்கரையோரம் நீளமாக ஒரு வரிசை. பிறகு வானம் வெளுக்க வெளுக்க, விளக்குகளுக்கு மேலே மலை எழுந்தது. பினாங்கு மலை. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முழங்காலைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை.

"இதுதான். இந்த மலைதான். முதுகு இப்படித்தான் வளைஞ்சிருக்கும்."

கரையோரம் வரிசையாக நின்ற அடுக்குமாடிகளை அவர் கவனிக்கவே இல்லை. மலையை மட்டும் பார்த்தார். கப்பல் தெற்கே திரும்பி ஜார்ஜ் டவுனை நெருங்கியபோது எங்கள் முதுகுக்குப் பின்னால், பெருநிலத்தின் பக்கம், சூரியன் ஏறியது. மலையின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. எங்கள் பால்கனியில் இருந்திருந்தால் அழகான சூரிய உதயத்தையும் பட்டர்வொர்த்தையும் பார்த்திருப்போம். தீவைப் பார்த்திருக்க மாட்டோம்.

என் மகள் கம்பிக்கு எட்டாமல் எம்பிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "தூக்குடி பிள்ளைய" என்றார். தூக்கினேன். "பாட்டி, எங்க உங்க அப்பா நின்னாரு?" என்று அவள் கேட்டாள். அம்மா கையை நீட்டினார். கோட்டைப் பக்கம் இருந்த கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, துறைமுகத்தை நோக்கி. "அங்க. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. எங்கம்மாதான் கண்டுபிடிச்சாங்க. எனக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டையாத்தான் தெரிஞ்சாங்க."

அன்று மாலை பினாங்கை விட்டுக் கிளம்பியதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கப்பல் பயணம் திட்டமிட்டிருப்பவர்களுக்கு, பணம் கட்டிக் கற்றுக்கொண்டவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

*உங்களுக்கு எந்தப் பக்கம்?*

வரைபடத்தை எடுங்கள். கப்பல் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் போகிறது என்று விரலால் கோடு இழுங்கள். கரை எந்தக் கைப்பக்கம் வருகிறது என்று பாருங்கள். 'எந்தப் பக்கம் நல்லது?' என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. 'நான் எதைப் பார்க்க வேண்டும், அது எப்போது வரும்?' என்று கேட்டால் விடை தானாக வரும்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணமா? அப்படியானால் பெரும்பாலும் கவலை வேண்டாம். போகும்போது வலது பக்கம் வந்த கரை, திரும்பும்போது இடது பக்கம் வரும். பகலில் பார்க்க வேண்டிய இடம் எது, இரவில் தூங்கிக்கொண்டே கடக்கும் இடம் எது என்பதை மட்டும் பாருங்கள். ஒரு வழிப் பயணத்தில்தான் பக்கம் மிக முக்கியம். வான்கூவரில் ஏறி வடக்கே அலாஸ்காவுக்குப் போனால் பெருநிலம் வலது பக்கம். நார்வேயின் பெர்கனிலிருந்து கரையோரமாக வடக்கே போனாலும் அப்படியே. எதிர்த்திசையில் வந்தால் இரண்டுமே இடது பக்கம். பனியாறுகளுக்கு முன்னால் கப்பலை மெதுவாகச் சுற்றி இரு பக்கத்தாருக்கும் காட்டுவது வழக்கம் என்பதால் அங்கே பதற வேண்டாம்.

மலாக்கா நீரிணையில் ஒன்றை நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் அருகே இரு கரையும் தெரியும். வடக்கே போகப் போக நீரிணை மிக அகலமாகிவிடும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நெடுநேரம் கடல் மட்டும்தான். அங்கே வெயிலை வைத்து முடிவெடுங்கள். வடமேற்கே போகும்போது மாலைச் சூரியன் இடது பக்கம், காலைச் சூரியன் வலது பக்கம். திரும்பும்போது நேர்மாறு. பிற்பகலில் தூங்கும் குழந்தையோ, வெயில் ஒத்துக்கொள்ளாத பெரியவரோ உடன் வந்தால் இது சின்ன விஷயமில்லை.

தளத்தின் வரைபடத்தில் கப்பலின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகுதான் இடம், வலம். அறை எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். எண்ணை நிறுவனமே ஒதுக்கும் மலிவு டிக்கெட் எடுத்தால் பக்கத்தைக் கேட்க முடியாது.

பக்கத்தைவிட முக்கியமானவையும் உண்டு. தலைசுற்றல் வருபவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியும் கீழ்த்தளமும் நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. நீச்சல்குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். சில அறைகளில் உயிர்காப்புப் படகு பார்வையை மறைக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பால்கனி நாற்காலியைக் கம்பியோரம் விடவே கூடாது. கதவுத் தாழ்ப்பாளை இரவில் இரண்டு முறை சரிபாருங்கள்.

கடைசியாக, எந்த அறை எடுத்தாலும் மேல்தளம் எல்லாருக்கும் பொது. இரண்டு பக்கமும் உங்களுடையதுதான். கொஞ்சம் முன்னதாக எழுந்தால் போதும்.

நாடு திரும்பிய வாரமே, அதே ஐந்து நிமிடப் பகுதியில் 'பாஷ்' கதையைத் திருத்திச் சொன்னேன். அந்தப் பெரியவர் மறுபடி அழைத்தார். பாராட்டுவதற்கில்லை. "அம்மாவுக்குப் பினாங்கு தெரிஞ்சுதா?" என்று கேட்பதற்கு.

*போகும்போது*

தெரிந்தது. இரண்டு முறை.

பினாங்கில் பகல் முழுவதும் சுற்றினோம். லிட்டில் இந்தியாவில் தாத்தா குடியிருந்த கடைவீட்டின் மாடி இப்போது ஒரு தங்கும் விடுதி. அம்மா கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். படியேற முழங்கால் இடம் தரவில்லை. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியபோது களைத்துப்போய்ப் பால்கனி நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வாயேன்" என்றார்.

கப்பல் வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பியிருந்தது. காலையில் வலது பக்கம் இருந்த தீவு, இப்போது இடது பக்கம் எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே இருந்தது. கோட்டை, கலங்கரை விளக்கம், கரையோரச் சாலை எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வடமுனையைச் சுற்றி மேற்குக் கரைக்கு வரும்வரை, இருட்டிய பிறகும்கூட, தீவு எங்களை விட்டுப் போகவே இல்லை.

இந்தக் கணக்கையும் அந்தப் பெரியவர் அன்றே சொல்லியிருக்க வேண்டும். வலது பக்கம் போச்சே என்ற கவலையில் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அம்மா 1987இல் கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தார். இரவுப் பேருந்து. தாத்தா பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பினாராம். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

"வரும்போது பார்த்திருக்கேன்" என்றார் அம்மா, தீவிலிருந்து கண்ணை எடுக்காமல். "போகும்போது பார்த்ததில்ல. பஸ்ஸுல ஏறினதும் தூங்கிட்டேன்."

என் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "பாட்டி, இப்ப நாம எந்தக் கைப்பக்கம் இருக்கோம்?" என்று கேட்டாள்.

"இரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்மா அவளுக்குக் காட்ட ஆரம்பித்தார்.